சிம் இல்லாத போனும் அக்காவின் விரலும்

ஊட்டிக் காந்தலில் பெண் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்ததும், நான் செய்த முதல் காரியம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்ததுதான்.

பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒருவன் தலைமுடியைச் சரி செய்துகொள்வான். நான் பையில் இருந்த பெட்டியை இரண்டு விரல் அளவு மேலே இழுத்து வைத்தேன். அதன் கறுப்புக் கண்ணாடி முகம் வெளியே தெரிய வேண்டும். அதற்காகவே வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அதற்காகவே ஸ்வெட்டர் போடவில்லை.

தை மாதத்து ஊட்டி. புல்லெல்லாம் உறைபனி. என் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பயந்த சுபாவம் என்று நினைத்தாராம். பின்னாளில் அவரே சொன்னார்.

“பயப்படாதீங்க தம்பி, உக்காருங்க” என்று அன்பாகத் தோளைத் தொட்டார். நான் பையைப் பாதுகாத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னோடு வந்திருந்தது என் அக்கா மட்டும்தான். அம்மா அப்பா இல்லாத வீட்டில் பெரிய மனுஷி என்றால் அவள்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதன் பாய்லர் அறை பற்றி எழுதுவதாக இருந்தேன். ஆனால் இந்தக் கதையைத்தான் எழுத வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. உத்தரவு ஏன் வந்தது என்பது கடைசியில் தெரியும். என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் ஏதாவது இருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

பெட்டி வந்த கதை

பெட்டி என்று சொல்கிறேனே, அது போன் அல்ல. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமே ஆன கருவி. உள்ளங்கை அளவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. விரலால் தள்ளினால் திறக்கும், தட்டினால் பாடும். பின்பக்கம் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளக்கும். அதில் முகம் பார்த்துத்தான் நான் தலை சீவுவேன்.

என் பள்ளித் தோழன் மணிகண்டன் வளைகுடாவில் வேலை பார்த்தான். அவன் ஒரு நிஜமான போன் வாங்கியதும் இதை எனக்குக் கொடுத்துவிட்டான். கோத்தகிரி வட்டாரத்தில் அப்போது எல்லார் கையிலும் பொத்தான் போன்தான். தொட்டால் வேலை செய்கிற ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அதில் புதிதாகப் பாட்டு ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும், அந்தக் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு மென்பொருள் வேண்டும். எங்கள் தொழிற்சாலை ஆபீசில் இருந்த கம்ப்யூட்டருக்குக் கொழுந்து எடையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் மணிகண்டன் விட்டுவைத்ததுதான் எனக்கு. பழைய பாட்டு பதினொன்று. மீதியெல்லாம் அவன் அறைத் தோழன் ஏற்றிவைத்த பாடங்கள். மலையாளம் வழியாக அரபி கற்றுக்கொள்வதற்கானவை.

இரண்டு வருடம் அதைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று அரபியில் விசாரிக்க என்னால் முடியும். இதுவரை அதற்கு அவசியம் வரவில்லை.

சிக்னல் வளைவு

நான் தொழிற்சாலையில் குமாஸ்தா. எங்கள் தொழிற்சாலை பள்ளத்தில் இருந்தது. அங்கே எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. பேச வேண்டியவர்கள் மேலே ரோட்டு வளைவுக்கு ஏறிப் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஏழெட்டுப் பேர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு கத்திக்கொண்டிருப்பார்கள்.

முதல் நாள் நான் அங்கே போனது பாட்டுக் கேட்கத்தான். பெட்டியை வெளியே எடுத்ததும் லாரி ஓட்டுகிற போஜண்ணன், “என்ன தம்பி, தொடற போனா?” என்றார்.

‘இல்லைங்க, இது பாட்டுப் பெட்டி’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் தொடங்கியதுதான் எல்லாம்.

மறுநாள் முதல் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். “ஆமாங்க, லோடு போயிருச்சுங்க... மேட்டுப்பாளையம் தாண்டியிருக்குமுங்க...” என்று காற்றிடம் கணக்குச் சொல்வேன். மரியாதையாகத்தான் பேசுவேன். அந்தப் பக்கத்தில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்ட ஆள் பெரிய ஆள்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நடுநடுவே லைன் அறுந்துபோகும். மேகம் இறங்கினால் எல்லாரும் “ஹலோ, ஹலோ” என்று தவிப்பார்கள். எனக்கு மட்டும் அறுந்ததே இல்லை. அறுவதற்கு அங்கே லைன் இருந்தால்தானே! நான் பாட்டுக்கு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரத்தில் ஊர் கண்டுபிடித்துவிட்டது: நான் நிற்கிற இடத்தில்தான் நல்ல சிக்னல். அடுத்த நாள் நான் போவதற்குள் அங்கே மூன்று பேர் நின்றிருந்தார்கள். அது ரோட்டின் விளிம்பு. பின்னால் காஞ்சொறிப் புதர். பட்டால் அரை நாள் அரிப்பும் எரிச்சலும் போகாது. இடித்துக்கொண்டு நின்றதில் போஜண்ணன் அதில் போய்ச் சாய்ந்துவிட்டார்.

கை முழுக்கத் தடித்துப்போய் அவர் துள்ளியதை நான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பாத்து நிக்கக் கூடாதுங்களா அண்ணா” என்று புத்தி சொன்னேன்.

அக்காவிடமும் சொல்லவில்லை. தம்பி கையில் இருப்பது பாட்டும் பாடுகிற போன் என்றுதான் அவளும் நம்பினாள்.

கையுறையில் ஓர் ஓட்டை

பெட்டியிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. வெறும் விரலுக்குத்தான் அது அசையும். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் கண்டுகொள்ளாது. எங்கள் ஊர்க் குளிரில் கையுறை இல்லாமல் காலையில் வெளியே வர முடியாது.

நான் புலம்பியதைக் கேட்டு அக்கா என் வலது கையுறையை வாங்கினாள். ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் வெட்டினாள். வெட்டிய இடத்தில் நூல் பிரியாமல் இருக்க அதே நிறக் கம்பளியால் சுற்றித் தைத்துக் கொடுத்தாள்.

அக்காவின் பெயர் பழனியம்மாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா போனதும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். நான் பேனா பிடித்து உட்கார்ந்து சம்பளம் வாங்கியதற்கு அவள் மழையில் நின்றதுதான் காரணம். இதை நான் அப்போதும் அறிவேன். அறிவது வேறு, நடந்துகொள்வது வேறு என்பதற்கு நானே சாட்சி.

கொழுந்து பறிக்கிறவர்களின் விரலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறை ஏறிக் கறுத்திருக்கும். எலுமிச்சைக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. நுனித் தோல் காய்ந்து காய்த்து, வெடிப்பு விட்டிருக்கும். அந்த விரல்களால்தான் அவள் என் கையுறையைத் தைத்தாள். ஊசி குத்தினாலும் அவளுக்குத் தெரியாது.

மீண்டும் காந்தல்

காரமும் இனிப்பும் வந்தன. பெண்ணின் பெயர் ரேவதி. ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு ரீசார்ஜ் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே நான் பெட்டியைப் பைக்குள் அமுக்கியிருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து வைத்தேன். தொழில் தெரிந்த பெண், மதிப்புத் தெரியும் என்று எண்ணம்.

அவள் டீ கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் அப்பா கேட்டார். “போன் புதுசுங்களா மாப்ளே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். தம்பியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளுக்கு அங்கே வேறு என்ன இருந்தது? நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை. இந்தப் பெட்டிதான் இருந்தது.

“அது சும்மா தொட்டாலே பாடுமுங்க. பாருங்க, நான் காட்டறேன்” என்று என் பையிலிருந்து உருவி எடுத்தாள்.

நான் தினமும் செய்வதை அவள் பார்த்திருக்கிறாள். அதேபோல் விரலை வைத்துத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டுத் தள்ளினாள். கண்ணாடி அப்படியே இருந்தது. எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோய், “இப்பத் தொறந்துக்குமுங்க...” என்று அழுத்தினாள்.

எனக்குள் இரண்டு பயம். கண்ணாடி உடைந்துவிடும் என்பது ஒன்று. யாராவது வாங்கிப் பார்த்து, இது போனே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பது இன்னொன்று. வெடுக்கென்று பிடுங்கினேன்.

“உன் கைக்கெல்லாம் இது வேலை செய்யாதுக்கா. காஞ்சுபோன கையி. குடு இக்கட்ட.”

அக்கா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறந்த மாதிரி பதினைந்து வருடம் நடித்திருக்கிறேன்.

ரேவதி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். என்னிடமிருந்து பெட்டியைக் கேட்காமலே வாங்கி, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, விரலை இதுல சித்த தொட்டுட்டு, துணியில ஒத்திட்டு வைங்க. எங்க கடையில தொடற போனத் தொட்டுப் பாக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இப்பிடித்தானுங்க. கொழுந்து பறிக்கற கையின்னா காஞ்சு கெடக்கும். ஈரம் பட்டா எடுத்துக்கும்.”

அக்கா தயங்கித் தயங்கிக் கையை வெளியே எடுத்தாள். நனைத்தாள், ஒற்றினாள், தள்ளினாள். திறந்துகொண்டது. எங்கோ தட்டினாள். எல்லாரும் பாட்டுக்காகக் காத்திருக்க, ஒரு கனத்த குரல் பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்று அரபியில் கேட்டது.

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு வீடே சிரித்தது. நான் மட்டும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் எப்போதோ காலியாகிவிட்டிருந்தது.

கேரட் பாத்தி ஓரத்தில்

இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளட்டும் என்று எங்களை வீட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அங்கே சின்னக் கேரட் பாத்தி. நான் பெண்ணிடம் பேசத் தயாரித்து வைத்திருந்த நாலு வாக்கியமும் குளிரில் மறந்துபோயின.

அவள்தான் பேசினாள். “அது போன் இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. சிம் போடற எடமே கெடையாது அதுல.”

“அது வந்துங்க...”

“அத உடுங்க. நாலு பேர் முன்னாடி பெருசா இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஆசைதானுங்க. ஆனா உங்க அக்காவச் சொன்னீங்களே, அது எனக்கு ஆகலீங்க. எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான்.”

நான் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு எங்க கடை நம்பருக்குச் சொல்லுங்க. பொறவு நான் அப்பாகிட்டச் சரின்னு சொல்றேன். கேக்கலீன்னா வேண்டாமுங்க.”

“ஊட்டுக்குப் போறதுக்குள்ள கேட்டுடறேனுங்க” என்றேன். சத்தியமாக அப்போது கேட்கத்தான் நினைத்தேன்.

பஸ்ஸில் வராத வார்த்தை

கோத்தகிரி பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொட்டபெட்டா ஏற்றத்தில் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. தும்மல்தான் வந்தது. ஸ்வெட்டர் போடாமல் வந்த பலன்.

அக்கா தன் சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினாள். “நல்ல பொண்ணுடா. உட்றாத” என்றாள்.

அவள் கோபமாக இல்லை, மறந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது கேட்பதற்கான நேரம் தாண்டிவிட்டது போலவும் இருந்தது. அதெல்லாம் சாக்கு. தங்கை என்றால் கேட்டிருப்பேனோ என்னவோ. எனக்காக எதையும் பொறுத்துக்கொள்கிறவளிடம் கேட்க என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனுக்கு முன்னால் நின்றேன். பையில் கண்ணாடிப் பெட்டி, கையில் காசு. பின்னால் போஜண்ணன் வந்து நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் காசைப் போட்டேன்.

“கேட்டுட்டீங்களா?” என்றாள் ரேவதி.

“கேட்டுட்டேனுங்க.”

“என்ன சொன்னாங்க?”

“பரவால்லடா, உடு, அப்பிடின்னுச்சுங்க.”

பிறகு, “சரிங்க” என்றாள். சித்திரையில் எங்கள் கல்யாணம் நடந்தது.

அந்தப் பெட்டியின் பேட்டரி நாலைந்து வருடத்தில் உப்பிப்போய்க் கண்ணாடியைத் தள்ளிவிட்டது. சரி செய்யக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் அதைக் கையில் வாங்கவே பயந்தான். இப்போது எங்கள் பீரோவில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில், வயிறு வீங்கிக் கிடக்கிறது. தூக்கிப்போட ரேவதி விடவில்லை. தம்பி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கக் காரணமான பொருள் என்று அவளுக்கு அதன் மேல் மரியாதை. அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு வேலையாக எழுந்து போய்விடுவேன்.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். அன்றைக்குப் பிறகு அக்கா அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. பின்னாளில் நான் நல்ல தொடுதிரை போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள். “எனக்கு அமுக்கற போனே போதும்டா” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

கைரேகை

பத்து நாளுக்கு முன்னால் அக்காவோடு ரேஷன் கடைக்குப் போனேன். ரேவதியும் பையோடு வந்தாள். அக்காவைக் கட்டிய மாமா இறந்த பிறகு அவள் கார்டில் அவள் பெயர் மட்டும்தான். அவள் விரலை வைத்தால்தான் அரிசி.

வைத்தாள். மெஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டை விரல். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

கடைக்காரர் சங்கடமாகச் சொன்னார். “உங்க விரல எடுக்க மாட்டீங்குதுங்கம்மா. ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்குதுங்க. காஞ்ச கையிங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “என்னங்க பேசறீங்க? முப்பது வருசம் கொழுந்து பறிச்ச கைங்க இது! காஞ்ச கையின்னு எப்பிடிங்க சொல்லுவீங்க? நாலு பேர் முன்னாடி ஒருத்தரப் பாத்து இப்பிடித்தான் பேசறதா?” என்று கத்தினேன். மேடை கிடைத்தவன் மாதிரி கையை வேறு ஆட்டினேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அவரை ஏன்டா வையற? ரேவதி ஊட்டுல நீ சொன்னதத்தான அவரு சொல்றாரு. அவரு மரியாதையாவாச்சும் சொல்றாரு.”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, பழைய விஷயம் ஒன்றைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஒரு எழுத்து மறக்காமல் பதினைந்து வருடம் வைத்திருந்திருக்கிறாள். நான் ஆட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

ரேவதி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நீங்க அன்னைக்குக் கேட்டுட்டேன்னு சொன்னீங்களே?”

“என்ன கேட்டான்?” என்றாள் அக்கா.

ரேவதி சொன்னாள். கேரட் பாத்தி, நிபந்தனை, ஒரு ரூபாய் போன், ‘பரவால்லடா, உடு’ எல்லாவற்றையும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். வரிசையில் மூன்றாவது ஆளாகப் போஜண்ணன் நின்றிருந்தார்.

“நான் அப்பிடிச் சொன்னனா?” என்றாள் அக்கா.

ரேவதியின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். கைக்குட்டையை நனைத்தேன். அக்காவின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் துடைத்தேன். எனக்குக் கையுறை தைத்த விரல்.

“தப்புத்தான்க்கா” என்றேன். “அன்னைக்கு அப்பிடிப் பேசுனது தப்பு.”

“காது கேக்கல.”

“தப்புத்தான்க்கா.”

“அன்னைக்கு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரித்தானடா சொன்ன?”

அவள் சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. அவள் மறக்கவும் இல்லை, பொறுத்துக்கொள்ளவும் இல்லை, காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சத்தமாகச் சொன்னேன். (அது போதாது, இந்தப் பத்தியிலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் வீட்டு உத்தரவு.) கெரசின் டின்னோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈர விரலை மெஷினில் வைத்தாள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எடுத்துக்கிச்சுங்கம்மா, பையப் புடிங்க” என்றார்.